புரியாத ஒப்புதல் ஒப்புதலாகுமா?

கடையில் ஒரு வேட்டி வாங்கினாலும் சரி, காய்ச்சலுக்கு மருந்து வாங்கினாலும் சரி, பணம் செலுத்துமிடத்தில் முதற்கண் கேட்கப்பெறுவது வாங்குவோரின் கைப்பேசி எண்ணே. பொருளுக்கு விலை பெறுவது வணிகம். விலையோடு வாங்குவோரின் பெயரையும் எண்ணையும் பிறந்த நாளையும் பெற்று, அவற்றையும் ஒரு சரக்காக்கிக் கொள்வது எவ்வகை வணிகம்? கைப்பேசிச் செயலிகளோ ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி, அடியில் ‘ஒப்புகிறேன்’ என்றொரு கட்டத்தை வைக்கின்றன. படித்தறிய இயலாத தமிழனும் அதை அழுத்திவிடுகின்றான். அறியாமல் அழுத்திய அவ்வழுத்தம் ஒப்புதலாகிவிடுமா?

ஆகாது என்றே சட்டமும் சொல்கின்றது. தன்மறைவு அடிப்படை உரிமையே என 2017 ஆகத்து 24-இல் உச்ச முறைமன்றத்தின் ஒன்பது நடுவர் ஒருங்கே தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023-இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. வணிகர்க்குரிய முகாமையான கடமைகள் அதினின்று 18 திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பெற்றது. ஒப்புதல் வற்புறுத்தலின்றியும், செய்தியை அறிந்தும் தரப்பெற வேண்டும். குறித்த நோக்கத்திற்குத் தேவையான அளவே தரவு கேட்கப்பெற வேண்டும். தந்த ஒப்புதலைத் தந்தது போன்றே எளிதாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். தரவைக் காக்கத் தவறுவோர்க்குத் தண்டம் 250 கோடி உருபா வரை உண்டு.

தமிழர் குறிப்பாக நோக்க வேண்டியது மற்றொன்று. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தருதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 5, 6-ஆம் பிரிவுகள் கூறுவது. அம்மொழிகள் இருபத்திரண்டனுள் தமிழும் ஒன்று. ஆனால், இது வாய்ப்பு மட்டுமே. கேட்பார் இல்லையெனில் தமிழ் எங்கோ ஒரு மூலையில் ஒளித்து வைக்கப்பெறும். அல்லது, ‘டேட்டா’ என்றும் ‘பிரைவசி’ என்றும் ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் பெயர்த்து, ‘இதுவே தமிழ்’ என்று காட்டப்பெறும். எழுத்து தமிழாயிருந்து பொருள் விளங்காதெனின், அதனால் ஏமாறுவோன் தமிழனே!

சட்டத்தின் குறையையும் மறைத்தற்கில்லை. தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு, நாட்டின் காப்பு முதலியவற்றைக் காட்டி விலக்களிக்கும் அதிகாரத்தை நடுவணரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டுள்ளது. முறையீடுகளைக் கேட்கும் வாரியத்தின் உறுப்பினரை அமர்த்துவதும் அதுவே. வெற்று முறையீடு செய்ததாகக் கருதப்பெறும் குடிமகனுக்கோ 10,000 உருபா வரை தண்டம்! வணிகனுக்குக் கடிவாளம் இட்ட கை, தனக்கு ஒன்றும் இட்டுக்கொள்ளவில்லை.

எனினும், கிடைத்த உரிமையைக் கேளாமல் விடுவது மடமை. எண்ணைக் கேட்கும் கடைக்காரரிடம் ‘எதற்கு?’ என்று வினவுதல் வேண்டும். தேவையில்லையெனின் மறுத்தல் வேண்டும். தமிழில் அறிவிப்புத் தராத நிறுவனத்திடம் அதைக் கேட்டு எழுதுதல் வேண்டும். தமிழ்நாட்டு வணிகர் ஆங்கிலத்திற்கு முன்னே தமிழில் எழுதுதல் வேண்டும். தமிழறிஞரும் வழக்கறிஞரும் கூடி, எளிய மக்களுக்கும் விளங்கும் தூய தமிழில் அறிவிப்புப் படிவங்களை ஆக்கித் தருதல் வேண்டும்.

மொழியை இழந்தவன் தன் ஒப்புதலையும் இழக்கின்றான். தமிழில் கேட்கப்பெறாத கேள்விக்குத் தமிழன் ‘ஆம்’ என்று விடையளிக்க வேண்டியதில்லை!