ஸ்டூல் இருக்கு, யாரு உட்காருவா?

போன மாசம் காலேஜுக்கு வந்த ஒரு கம்பெனியோட பிரசன்டேஷன்ல 'எங்க ஒர்க் கல்ச்சர்'னு தனியா நாலு ஸ்லைடு. பீன் பேக், டேபிள் டென்னிஸ், 'நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்'. நானும் கை தட்டினேன். பிளேஸ்மென்ட் சீசன்ல யாருதான் தட்ட மாட்டாங்க?

அன்னைக்கு ராத்திரி பொழிச்சலூர்ல வீட்டுக்கு வந்தா, சித்தி வெந்நீர்ல காலை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. பல்லாவரத்துல ட்ரெயின் ஏறி, மாம்பலத்துல இறங்கி, தி. நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ் பார்க்கிறாங்க. பதினோரு வருஷமா, நின்னுக்கிட்டே.

"உட்காரச் சட்டமே இருக்கே சித்தி?"ன்னு கேட்டேன். நிஜமாவே இருக்கு. 1947-ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல புதுசா ஒரு பிரிவைச் சேர்க்க, 2021 செப்டம்பர்ல நம்ம சட்டமன்றத்துல மசோதா வந்துச்சு. ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தரணும், வேலை நேரம் முழுக்க நிக்க வைக்கக் கூடாது. கேரளா 2018-லயே இதைச் செஞ்சிடுச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகள்ல வேலை பார்த்த பெண்கள் வருஷக்கணக்கா போராடினதுக்கு அதுல பெரிய பங்கு உண்டு.

சித்தி சிரிச்சாங்க. "ஸ்டூல் இருக்குடா, செக்‌ஷனுக்கு ஒண்ணு. யாரு உட்காருவா? சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சும்மா பார்ப்பாரு."

கல்ச்சர்னா அந்தப் பார்வைதான்னு எனக்குத் தோணுது. புதுசா சேர்ந்த பொண்ணு ஸ்டூலை இழுக்கும்போது, பக்கத்துல நிக்கிற அக்கா கண்ணாலயே 'வேணாம்'ங்கிறாங்களே, அதுவும்தான்.

பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் பேப்பர்ல இதை ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருக்கேன். எட்கர் ஷைன்ங்கிறவர் மூணு அடுக்கு சொல்றார்: கண்ணுக்குத் தெரியிறது, வாயால சொல்லிக்கிறது, யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புறது. கடையில ஸ்டூல் முதல் அடுக்கு. சுவத்துல ஒட்டின விதிமுறை ரெண்டாவது. 'உட்கார்ந்தா சோம்பேறி'ங்கிறது மூணாவது. அது எங்கயும் எழுதி இல்ல, ஆனா ஜெயிக்கிறது அதுதான்.

அதுக்காக சட்டம் வேஸ்ட்னு சொல்லல. ஸ்டூலே இல்லாத வரைக்கும் இந்தப் பேச்சே எங்க வீட்டுல வந்ததில்ல.

ஐ.டி.லயும் இதே கதைதான். நேரம் ஆறு மணி வரைக்கும்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கும். போன வருஷம் சேர்ந்த எங்க சீனியர், மேனேஜர் லேப்டாப்பை மூடுற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திரிக்கிறதில்ல. இருக்கச் சொல்லி யாரும் சொல்லல. அங்க உட்கார்ந்தே இருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்டர்வியூ கடைசியில 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்பாங்கல்ல? "நேத்து உங்க டீம்ல கடைசி ஆள் எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?"ன்னு கேட்கப் போறேன்னு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். ரிஜெக்ட் பண்ணிடுவாங்கடாங்கிறான். பண்ணட்டும்னு சொல்ல ஆசைதான், ஆனா எஜுகேஷன் லோன் இருக்கு. அதனால இப்போதைக்கு அந்தக் கேள்வியை சீனியர்கள்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டுட்டு இருக்கேன்.