கால்களை எண்ணுங்கள்!

பத்தாம் வகுப்பு மாணவி

'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. இது மனிதருக்கு மட்டுமன்று, பூச்சிகளுக்கும் பொருந்தும் என்பேன்.

ஒரு நாள் பள்ளி நூலகத்தில், பிரிட்டன் நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைக் கண்டதும், "ஐயோ, குளவி!" என்றேன். அருகிலிருந்த அருட்சகோதரி, "முதலில் இடுப்பைப் பாரம்மா" என்றார். குளவியின் ஒடுங்கிய இடுப்பு அதற்கு இல்லை. உணர்கொம்புகளின் நுனியும் தடித்திருந்தது. அது பிர்ச் மரத்து ரம்ப ஈ! பெண் ஈ, ரம்பம் போன்ற உறுப்பால் இலையைக் கீறி முட்டையிடுவதால் இப்பெயர். அது கொட்டுவதே இல்லை.

இதன் புழுவும் நம்மை ஏமாற்றும். வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு வயிற்றுப் பகுதியில் ஐந்து இணைப் பொய்க்கால்களுக்கு மேல் இரா. இலை தின்னும் ரம்ப ஈப் புழுவுக்கோ ஆறு இணையோ அதற்கு மேலோ உண்டு.

பிரிட்டனில் ஏறக்குறைய 500 வகை ரம்ப ஈக்கள் உள்ளன. ஒன்றுபோல் தோன்றுபவற்றைப் பிரித்தறிய, அறிஞர்கள் பெண் ஈயின் ரம்பப் பற்களை நுண்ணோக்கியில் காண்கின்றனர். எந்தச் செடியில் கிடைத்தது என்றும் கேட்கின்றனர். பிர்ச் மரத்தில் வாழ்வது ஒன்று. பில்பெரிச் செடியில் வாழ்வது வேறொன்று. அப்படியானால் வாழிடமும் அடையாளந்தானே?

அந்நாட்டு மேட்டுநிலங்களில் 'மூர்' எனப்படும் வெளிகள் உள்ளன. குளிரும் ஈரமும் மிகுந்த அங்கே, மக்காத பாசியும் செடிகளும் படிந்த 'பீட்' என்னும் கருமண்ணில் ஹெதர், பில்பெரி போன்ற குறுஞ்செடிகள் படர்கின்றன. ஓரங்களில் பிர்ச் மரங்கள் நிற்கின்றன. 'பிளாக் க்ரௌஸ்' என்னும் காட்டுக்கோழி இனப் பறவையின் குஞ்சுகள், முதல் சில வாரங்கள் ரம்ப ஈப் புழு போன்றவற்றை உண்டே வளர்கின்றன. 2005-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிரிட்டனில் இப்பறவையின் சேவல்கள் சுமார் 5,000 மட்டுமே. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்தால் செடி குறையும். செடி குறைந்தால் புழு குறையும். புழு குறைந்தால் குஞ்சு பிழைக்காது.

"இலை தின்னும் புழுதானே, நசுக்கு!" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவள்தான். பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவது மட்டும் அறிவாகாது. அவ்வுயிர் எங்கு வாழ்கிறது, எதற்கு உணவாகிறது என்று அறிவதே அறிவு. தோழியரே, அடுத்த முறை ஒரு புழுவைக் கண்டால், நம் காலைத் தூக்கும் முன் அதன் கால்களை எண்ணுவோமா?