199 படிகள், புகை போட்ட மீன், டிராகுலா... விட்பிக்கு ஒரு ரவுண்டு!

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது விட்பி. ஆற்றின் இரண்டு பக்கமும் மேடு. நடுவில் மீன்பிடித் துறைமுகம். கப்பல் வந்தால் விலகி வழிவிடும் பாலம் ஒன்று இரண்டு கரைகளையும் இணைக்கிறது. மொத்தமே சுமார் 13,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். ஆனால், கோடை வந்துவிட்டால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அப்படி என்னதான் இருக்கிறது இங்கே?

முதலில் படி ஏறுங்கள்

கிழக்குக் கரையில் 199 கல்படிகள். ஏறுகிறவர்கள் எல்லோருமே எண்ணிக்கொண்டுதான் ஏறுவார்கள், பாதியில் கணக்கு தவறும்! வழியில் இருக்கும் பலகைகளில் இன்று சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். அந்தக் காலத்தில் மேலே உள்ள தேவாலயத்துக்குச் சவப்பெட்டி சுமந்து போனவர்கள் அதை இறக்கிவைத்து இளைப்பாறிய இடம் அது.

படிகள் முடிந்ததும் செயின்ட் மேரி தேவாலயம். அதைத் தாண்டினால், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் விட்பி மடம். கி.பி. 657-ல் இங்கே மடம் அமைந்தபோது அதை நிர்வகித்தவர் ஹில்டா என்ற பெண் துறவி. ஈஸ்டர் பண்டிகையை எந்தக் கணக்குப்படி கொண்டாடுவது என்ற பெரிய வழக்கு 664-ல் இங்கேதான் தீர்ந்தது. இன்று நிற்கும் இடிபாடுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துக் கட்டப்பட்டவை.

டிராகுலா எப்படி வந்தார்?

1890-ல் இங்கே விடுமுறைக்கு வந்தார் பிராம் ஸ்டோக்கர். 'டிராகுலா' என்ற பெயரை அவர் கண்டெடுத்தது இந்த ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றில். 1885-ல் 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் இங்கே கரைதட்டிய கதையையும் கேட்டுக்கொண்டார். 1897-ல் வெளியான நாவலில் அது 'டிமீட்டர்' என்ற கப்பலாகி, டிராகுலாவைச் சுமந்துகொண்டு விட்பிக்கே வந்து சேர்ந்தது!

கப்பல் பிரியர்களுக்கு இன்னொரு பெயர் உண்டு, கேப்டன் ஜேம்ஸ் குக். அவர் கடல் தொழில் பழகியது இங்கேதான். அவரது 'எண்டேவர்' கப்பல் கட்டப்பட்டதும் இங்கேதான்.

என்ன சாப்பிடலாம்?

ஹென்ரியட்டா தெருவுக்குள் நுழைந்ததும் புகை வாசனை மூக்கைத் துளைக்கும். 1872-லிருந்து ஒரே குடும்பம் நடத்தும் 'ஃபார்ச்சூன்ஸ்' கடை இங்கே இருக்கிறது. ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, மரப்புகையில் வாட்டி எடுத்தால் அதுதான் 'கிப்பர்'. நம் ஊர்க் கருவாடு போல முழுக்கக் காயாது. உள்ளே ஈரமும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். வெண்ணெய் தடவிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய 'மேக்பை கஃபே' மீன் வறுவலுக்குப் பெயர் போனது. வாசலில் வரிசை நிற்பது சகஜம். ஒரு விஷயம் கவனம்: யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். வெறும் உருளைக்கிழங்குதானே என்று சைவர்கள் வாங்கிவிட வேண்டாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பொட்டலத்தைத் திறந்து கையில் வைத்தபடி நடந்தால் கடற்பறவைகள் பறித்துக்கொண்டு போய்விடும், அதுவும் கவனம்!

இனிப்புக்கு, 1865-ல் தொடங்கிய 'பாத்தம்ஸ்' பேக்கரியின் உலர்பழ ரொட்டி. மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடுவது யார்க்‌ஷயர் வழக்கம்.

பூட்டிய ஜன்னல்கள்

ஊரின் அழகே அதற்கு வினையாகிவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய பழைய மீனவர் வீடுகள் பலவற்றை வெளியூர்க்காரர்கள் வாங்கி, விடுமுறை வாடகைக்கு விடுகிறார்கள். குளிர்காலத்தில் சில சந்துகளில் இரவு விளக்கே எரியாது. ஹோட்டலில் பரிமாறுகிறவர், கடையில் மீன் பொரிக்கிறவர் போன்றவர்களுக்குச் சொந்த ஊரில் வீடு கட்டுப்படியாவதில்லை.

2022 ஜூனில் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 'புதிதாகக் கட்டும் வீடுகளை இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்' என்று வாக்களித்தவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் ஆதரித்தார்கள். அந்த முடிவுக்குச் சட்ட வலு கிடையாது. ஆனாலும் குரல் எட்டியது. 2025 ஏப்ரல் முதல், வடக்கு யார்க்‌ஷயரில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு உள்ளாட்சி வரி இரட்டிப்பு.

சுற்றுலாவே வேண்டாம் என்று விட்பி சொல்லவில்லை. அந்த வருமானத்தில்தான் ஊர் ஓடுகிறது. தங்குவதாக இருந்தால், குடும்பங்கள் தாங்களே வசித்துக்கொண்டு நடத்தும் விருந்தினர் விடுதிகளைத் தேடலாம். கொடுக்கும் காசு உள்ளூரிலேயே தங்கும், வாசல் விளக்கும் எரியும்.

எப்படிப் போவது?

* மிடில்ஸ்பரோவிலிருந்து ரயில், சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.
* யார்க் நகரிலிருந்து மேட்டுநிலம் வழியாகப் பேருந்து. ஆகஸ்ட்டில் போனால் வழியெங்கும் ஊதாப்பூக்கள்.
* வெயில் காலத்திலும் கடற்காற்று சில்லென்று அடிக்கும். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்!