அழுகையின் முதற் காரணம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் கூறுகிறார்: இழிவுபடுதல், இழத்தல், நிலைகுலைதல், வறுமை. இவை பிறர்க்கு நேரக் கண்டவிடத்தும் அழுகை பிறக்கும் என்பது உரையாசிரியர் விளக்கம். இவ்வரிசையில் இழிவு முதலிலும் வறுமை இறுதியிலும் நிற்பது நோக்கத்தக்கது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிச் செல்வர்கள் ஈகையிற் குறைந்தவர் அல்லர். ஜகாத்தும் ஸதகாவும் வறியவர் வாயிலைத் தேடிச் செல்கின்றன. இழிவோ கை நீட்டுவதில்லை. அதனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படுத்த வல்லது கலை.

டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல்லில் தோல் பதனிட்டு உழன்றோரின் அடிமை வாழ்வையும், அவர்கள் சங்கமாய்த் திரண்டதையும் கூறுவது. அதனைப் படித்த மாணவனுக்குத் தன் ஊர்த் தொழிலாளியின் சுண்ணாம்பு அரித்த கைகள் கண்ணிற் படும். தோல் நாற்றம் குறித்த பழைய கேலி மீண்டும் அவன் நாவில் எளிதில் எழாது. உதவி அங்கேயே தொடங்கிவிடுகிறது. பணம் பின்னர் வருவது.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே உறங்கிய பத்துப்பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். நமக்கு அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சினர். உறங்குதற்கு அவர்க்கு வேறிடம் ஏன் இல்லை என்னும் வினாவை நம் நெஞ்சில் தைக்க ஒரு கதை வேண்டும்.

பட்டிமன்றத்திற்குச் செலவிடும் மாலைகளுள் இரண்டையேனும் நம் மாணவர் தொழிலாளர் குடியிருப்புகளில் கழித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதலாம். எழுதியதை ஆலை உரிமையாளரான பெரியோர்கள் படித்தல் வேண்டும். அவர்களுள் சிலர் இம்மலரின் வாசகர்களே.