பிடி அரிசியும் முதுமைக் காலமும்

நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. உலையிலிட அரிசியை அளந்த பெண்மணி, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது திருச்சபைக்குரிய பிடி அரிசி. உண்டபின் மிஞ்சியதை அவள் கொடுப்பதில்லை. உலை கொதிக்குமுன்பே எடுத்துவிடுகிறாள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

தங்கள் முதுமைக்கென்று வரும்போதோ, அதே இல்லத்தார் மிச்சத்தை நம்பி இருக்கிறார்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிப்பார்களாம்! இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கிவரும் நமக்கு, அப்படி மிஞ்சிய மாதம் ஒன்றேனும் நினைவில்லை.

நாளையைப் பற்றி எண்ணுவது விசுவாசக் குறைவல்லவா என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. கவலை வேறு, கணக்கு வேறு. கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை உவமையாகச் சொன்னவரும் ஆண்டவர்தாம். யோசேப்பு எகிப்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தது செழிப்பான ஏழு ஆண்டுகளில்; பஞ்சம் வந்தபின் அல்ல.

நிற்க. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசுப் பணியில் அமர்ந்தோர், பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். நாமும் அவர்களுள் ஒருவர். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவருக்கும், கூலிக்கு ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் நிலையான மாதச் சம்பளமே இல்லை. இத்தகையோருக்காக 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி கட்டாதவர்கள் 18 வயது முதல் 40 வயதுக்குள் சேரலாம். அறுபதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்கிறவன் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்கிறவன் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். தாமதத்தின் விலை இதுதான்.

சேர்த்ததை ஒரே கலயத்தில் வைத்தலும் ஆகாது. நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938-இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு முறிந்தது. 1960-இல் பாலா சென்ட்ரல் பாங்கும் மூடப்பட்டது. அதன் பின்னரே, 1962-இல், வைப்புத் தொகைக்குக் காப்புறுதி பிறந்தது. இன்று ஒரு பாங்கில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அக்காப்பு உண்டு. தனி மனிதரிடம் வட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு அது கிடையாது. நம் நண்பரான உபாத்தியாயர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பாதியை மகள் திருமணத்தில் செலவிட்டார். மறுபாதியை ஆலயத்தில் பழகிய ஒருவரிடம் அதிக வட்டிக்குக் கொடுத்தார். அம்மனிதர் உருக்கமாக ஜெபிப்பவர் என்பதொன்றே ஜாமீன்! அவரும் போனார், பணமும் போயிற்று. நண்பர் இப்போது 67-ஆம் வயதில், மாலைதோறும் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கும் கனவான், வீட்டில் தாயின் மருந்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிறார். காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசுநாதர் எவ்வளவு கடிந்து பேசினார் என்பதை மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் அவர் படித்துப் பார்க்கலாம்.

கணக்குகளில் நியமனதாரர் பெயரைப் பதியாமல் விட்டதனால் விதவைகள் படும் அலைச்சலைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.