ஒரு வாரத்துக்கு ஒரு நாடுதானா?

தென்கிழக்காசியாவுக்கு ஏழு நாள் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே ஓர் அறிவுரை வரும்: “ஒரே நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாடு என்று போனால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.” பயண முகவர் சொல்வார், போய்வந்த உறவினர் சொல்வார், காணொளி போடுகிறவர்களும் சொல்வார்கள். கேட்கும்போது நிதானமான பேச்சாகத்தான் தெரிகிறது. ஆனால் கம்போடியாவையும் தென் வியட்நாமையும் பொறுத்தவரை இது தவறான அறிவுரை. அதை நம்பி ஒரு நல்ல பயணத்தைப் பலர் கைவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லப்படும் காரணம் அலைச்சல். இரண்டு நாடு என்றால் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும் என்கிறார்கள். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. “வியட்நாம் மட்டும்” என்று ஒரு வாரத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக ஹனோய், ஹா லாங் விரிகுடா, ஹோய் ஆன், சைகோன் என்று வரிசை வைக்கிறார்கள். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையே 1,726 கி.மீ.; ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இரண்டு உள்நாட்டு விமானம் ஏறியே தீரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் விடுதியைக் காலி செய்து, விமான நிலையம் போய்க் காத்திருந்து, இறங்கி மறுபடி ஊருக்குள் வருவதற்குள் அரை நாள் போய்விடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அங்கோர் கோயில்கள் இருக்கும் சியெம் ரீப்பிலிருந்து கம்போடியத் தலைநகரமான புனோம் பென்னுக்குச் சுமார் 315 கி.மீ. அங்கிருந்து சைகோனுக்குச் சாலைவழி சுமார் 230 கி.மீ., அதாவது சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம்கூட இல்லை. இரண்டு நாட்டில் மூன்று பெரிய ஊர், எல்லாம் சேர்த்து 600 கிலோமீட்டருக்குள். ஒரு நாட்டுப் பயணம்தான் இங்கே நீளமானது. தூரத்தைக் கணக்கிட வேண்டிய இடத்தில் கொடிகளை எண்ணுவதால் வரும் குழப்பம் இது.

அலைச்சல் கூடுவதற்கு இன்னொரு காரணம், இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவது. அது தேவையே இல்லை. பயணச்சீட்டு எடுக்கும்போது மல்ட்டி சிட்டி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, சியெம் ரீப்பில் இறங்கி சைகோனில் ஏறுவதாக எடுத்தால், வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மாறிப் போகிறவர்களுக்கு இதனால் பெரிய கூடுதல் சிரமம் எதுவும் இல்லை.

அடுத்தது எல்லை. விசா இரண்டு, செலவு இரண்டு, எல்லையில் ஒரு நாள் வீண் என்பது வாதம். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர். கம்போடியச் சுற்றுலா விசா 30 டாலர். ஒரே திசையில் போவதால் இரண்டுக்கும் ஒருமுறை நுழையும் விசாவே போதும். இரண்டையும் கூட்டினாலும் மிச்சப்படும் உள்நாட்டு விமானச் சீட்டுகளின் விலைக்கு அருகில்தான் வரும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வியட்நாம் மின்விசா விண்ணப்பத்தில் எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். சாலையில் போனால் மொக் பாய், மீகாங் ஆற்றில் படகில் போனால் வேறு வாயில். இதைப் பார்க்காமல் விமான நிலையத்தின் பெயரைப் போட்டுவிட்டுப் படகுத்துறையில் போய் நிற்கக் கூடாது.

எல்லையைப் பற்றிய அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு, அது மேற்குப் பக்கத்தில். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் 2025-இல் மோதல் வெடித்து, அந்த ஆண்டு ஜூன் மாதம் தரைவழி வாயில்கள் மூடப்பட்டன. பாங்காக்கிலிருந்து பேருந்தில் சியெம் ரீப் போகும் பழைய வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். அதை வைத்து எல்லா எல்லையையும் ஒதுக்குவது சரியல்ல. சைகோனுக்கும் புனோம் பென்னுக்கும் நடுவே பேருந்துகள் நாள்தோறும் ஓடுகின்றன. எல்லையில் நிற்பதையும் சேர்த்து ஆறேழு மணி நேரம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: “அங்கோருக்கே ஒரு வாரம் வேண்டும்.” கல்வெட்டு படிக்கிறவர்களுக்கும் சிற்பம் ஆராய்கிறவர்களுக்கும் ஒரு வாரம் என்ன, ஓர் ஆயுளே போதாது. முதன்முறை போகும் நமக்கு முழுதாக இரண்டு நாளும் ஒரு மாலையும் கிடைத்தால் நிறைவாகப் பார்க்கலாம். மூன்று நாள் நுழைவுச்சீட்டு 62 டாலர், ஒரு நாள் சீட்டு 37 டாலர். மறுநாளுக்கான சீட்டை முந்தின நாள் மாலை ஐந்து மணிவாக்கில் வாங்கினால், அன்றைய அந்திக்கே உள்ளே விடுகிறார்கள். அந்த மாலை கணக்கில் சேராது.

நாள் குறைவு என்பதைவிட நேரம் தவறிப் போவதுதான் பலருக்கும் நேரும் இழப்பு. அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். விடியலில் எல்லோரும் மேற்கே குளக்கரையில் கூடிக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் படம் எடுக்கிறார்கள். அதே வேளையில் கிழக்கு வாசல் வழியாகப் போகிறவருக்குக் கூட்டம் குறைவு. காலை வெயில் நேராக விழும் கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வாசுகியை இழுக்கும் அசுரர் ஒரு பக்கம், தேவர் மறுபக்கம், நடுவில் திருமால். அடியில் மீனும் முதலையும் சுழலில் துண்டாகித் தெறிக்கின்றன. மேற்குச் சுற்றில் இருக்கும் குருக்ஷேத்திரப் போரையும் இலங்கைப் போரையும் பிற்பகலில் பார்க்க வேண்டும், வெளிச்சம் அப்போதுதான் அந்தப் பக்கம் வரும். நடுவில் உள்ள வெயில் நேரத்தில் விடுதிக்குப் போய் உறங்கலாம். பாயோன் கோயிலின் முகங்களும், மரவேர் கவ்விய தா புரோம் கோயிலும் அதே நாளின் மிச்சத்துக்கும் மறுநாளுக்கும் இருக்கின்றன.

இரண்டாம் நாள் காலையைப் பன்தியாய் ஸ்ரீக்கு வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் மூத்தது. கட்டியவர் அரசர் அல்லர், யஜ்ஞவராகர் என்ற அரசகுரு. இளஞ்சிவப்பு மணற்கல்லில் விரலளவு இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கிழக்குக் கோபுர முகப்பில் சிவன் ஆடுகிறார். காலடியில் எலும்பு துருத்திய, மார்பு வற்றிய ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிற ஒருவர் இந்த ஒரு சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நிற்கலாம், நிற்க வேண்டும். பத்துக் கோயிலை அவசரமாகச் சுற்றும் ஐந்து நாளைவிட இப்படிப் பார்க்கும் இரண்டு நாள் மேல்.

அடுத்து, “ஒரு நாட்டை ஆழமாகப் பார்ப்பதே நல்லது” என்பது. இந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு நாட்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் கிடைக்கும். இன்றைய தென் வியட்நாமின் மீகாங் கழிமுகம் ஒரு காலத்தில் கம்போடியாவின் கெமர் மக்களுடைய மண். இன்றும் கெமர் மக்கள் அங்கே தங்கள் பௌத்த விகாரங்களோடு வாழ்கிறார்கள். அதற்கும் முந்தைய ஃபூனான் அரசின் காலத்தில், இன்றைய வியட்நாமில் உள்ள ஓக் ஏயோ என்ற துறைநகரும் இன்றைய கம்போடியாவில் உள்ள அங்கோர் போரேயும் ஒரு நீண்ட கால்வாயால் இணைந்திருந்தன. ஓக் ஏயோவை 1944-இல் லூயி மல்லரே அகழ்ந்தபோது ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸின் உருவம் பொறித்த பதக்கம் கிடைத்தது. எல்லைக்கோடு பிற்காலத்தது. ஆறும் கால்வாயும் அதற்கு முன்பே இருந்தன.

அண்மை வரலாறு இதைவிட நெருக்கமாகப் பின்னியிருக்கிறது. புனோம் பென்னின் துவோல் ஸ்லெங் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். கெமர் ரூஜ் ஆட்சியில் சிறையாகி, 14,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். உயிரோடு வெளிவந்தவர்கள் மிகச் சிலர். அங்கே வைத்திருக்கும் கைதிகளின் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் எவரும் கேட்கும் கேள்வி, இது எப்படி முடிந்தது என்பது. விடையின் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால் இருக்கிறது. சவ் டொக் நகருக்கு அருகே, எல்லையை ஒட்டிய பா சுக் என்ற ஊரில் 1978 ஏப்ரலில் கெமர் ரூஜ் படையினர் 3,157 பேரைக் கொன்றார்கள். மாண்டவர்களின் மண்டை ஓடுகள் அங்கே நினைவிடத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்தது. 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென் வீழ்ந்தது. வியட்நாம் படை 1989 வரை அங்கேயே இருந்தது. அதை விடுதலை என்பவரும் ஆக்கிரமிப்பு என்பவரும் கம்போடியாவிலேயே இருக்கிறார்கள். துவோல் ஸ்லெங்கை ஒரு நாள், பா சுக்கை மறுநாள் பார்க்கிறவருக்கு இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் கண்ணெதிரே வரும். இதைவிட ஆழமாக எதைப் பார்ப்பது?

இந்த இரண்டு இடத்தையும் இணைக்கும் வழியும் ஆறுதான். புனோம் பென்னில் தொன்லே சாப் ஆறு மீகாங்கோடு சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகி இந்த ஆற்றையே பின்னோக்கித் தள்ளி, சியெம் ரீப் பக்கத்து ஏரியைப் பல மடங்கு விரிக்கும். மழை ஓய்ந்ததும் நீர் திரும்பி ஓடும். அந்தத் திரும்பலைக் கொண்டாடும் படகுப் போட்டித் திருவிழா நவம்பர் வாக்கில் வரும். புனோம் பென்னிலிருந்து நண்பகலில் கிளம்பும் விரைவுப்படகு நான்கைந்து மணி நேரத்தில் சவ் டொக் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து சைகோனுக்குப் பேருந்து. ஏழாம் நாள் சைகோனில், நகரத்தார் காலத்தில் எழுந்த தெண்டாயுதபாணி கோயிலுக்கும், வியட்நாமியர்களும் நம்பி வந்து ஊதுவத்தி ஏற்றும் மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்வரலாம்.

பணம் இரண்டு வகை என்பதெல்லாம் பெரிய தடை இல்லை. கம்போடியாவில் டாலரே செல்லும், சில்லறைக்கு ரியெல் தருவார்கள். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். கிழிந்த, அழுக்கான டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள், அதை மட்டும் பார்த்து எடுத்துப் போங்கள். வியட்நாமில் எல்லை தாண்டியதும் டாங் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

வயதான பெற்றோரோடு போகிறவர்கள் இந்தத் திட்டத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கோரின் படிகள் செங்குத்தானவை, படகும் பேருந்தும் முதுகைப் பிடிக்கும். அவர்கள் சியெம் ரீப்பில் நான்கு நாள் தங்கி, காலையும் மாலையும் மட்டும் கோயில்களைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேர விமானத்தில் சைகோன் போய் மீதி மூன்று நாளைக் கழிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே ‘சாய்’ என்று பலகை மாட்டிய உணவகங்கள் நிறைய உண்டு. பா சுக் விட்டுப்போகும். இரண்டு நாடும் கிடைக்கும், ஏழு நாளும் சரியாக இருக்கும்.