முதல் ரிங்கிட் பிரேக்குக்கே!

மாணவர்களே, கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு ஒரு பழைய லேண்ட் ரோவர் முனகியபடி ஏறும். சாயம் போயிருக்கும். கதவு ஒரு நிறம், முகப்பு ஒரு நிறம். ஆனாலும் ஓடும்.

அப்படி ஒரு பழைய வண்டியை மலிவாக வாங்கி, பெரிய எஞ்சின் பொருத்திச் சீறவிட வேண்டும் என்று உங்களில் பலருக்கு ஆசை இருக்கும். இது புதிய ஆசையல்ல. 1930களிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். எஞ்சினின் திறனைக் கூட்டி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். அதுதான் 'ஹாட் ராட்'. அந்தப் பெயரிலேயே ஓர் இதழ் 1948 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் லேண்ட் ரோவரும் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது.

ஆசையில் தவறில்லை. பணத்தை எதற்கு முதலில் செலவிடுகிறோம் என்பதில்தான் தவறு செய்கிறோம். ஏரிப்படுகை சமதரை, வேகத்தை விட்டால் வண்டி உருண்டு உருண்டு தானாக நிற்க இடம் உண்டு. நம் மலைச்சாலையில் அந்த இடம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியின் பொருண்மை 1,500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 2 லட்சம் ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். இனி, தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குங்கள். உயரம் 1,300 மீட்டருக்கு மேல் குறைகிறது. 1,500 × 9.8 × 1,300 என்று பெருக்கினால் 1.9 கோடி ஜூலுக்கு மேல் வரும்! அதாவது, முந்தைய எண்ணைப் போல் 90 மடங்குக்கும் மேல். 60 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்க இது போதும்.

இந்தச் சக்தி எங்கே போகும்? ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் பெரும்பங்கைத் தாங்கும். மிச்சம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகும். பழைய லேண்ட் ரோவரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். சூடானால் டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும்; உராய்வும் குறையும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பல ஆண்டு மாற்றாத எண்ணெய் எளிதில் கொதித்துக் குமிழிவிடும். அப்போது மிதியை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது.

அடுத்து எலும்புக்கூடு. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு நிலவியதால், லேண்ட் ரோவரின் மேலுடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது துருப்பிடிக்காது. ஆனால், அதைத் தாங்கும் சட்டகம் எஃகு. பெட்டி வடிவச் சட்டகத்துக்குள் ஈரம் தேங்கினால் உள்ளிருந்தே துரு அரிக்கும், வெளியே தெரியாது. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் மழைநீர் பட்டால் அலுமினியமும் அரிபடும். மழை மிகுந்த மலையில் பளபளக்கும் வண்டியை நம்பி ஏமாறாதீர்கள்.

"மலையில் எஞ்சின்தானே திணறுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. எரிபொருளை எரிக்கும் உயிர்வளியும் அவ்வளவுக்குக் குறையும். எஞ்சினின் திறனும் இறங்கும். ஆனால், ஏற முடியாத வண்டி சாலையோரம் நின்றுவிடும். நிற்க முடியாத வண்டி, ஓட்டுபவரோடு எதிரே வருபவரையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளும்.

ஆகவே, கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள் என்பேன். மூன்று பங்கு சட்டகத்துக்கு. மூன்று பங்கு பிரேக், ஸ்டீரிங், டயருக்கு. ஒரு பங்கு மின்கம்பி, விளக்கு, இருக்கைப் பட்டைக்கு. இரண்டு பங்கு இருக்கிற எஞ்சினைச் சீராக்க. கடைசிப் பங்கைத் தொடாதீர்கள். பழைய வண்டியில் எதிர்பாராத செலவு வந்தே தீரும். எஞ்சினையே மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே எழுதிவையுங்கள்.

கார் உரிமம் எடுக்க 17 வயது ஆகவேண்டும். அதுவரை தாளும் பென்சிலும் போதும். உங்கள் கனவு வண்டியின் பொருண்மையையும் நீங்கள் இறங்கப்போகும் மலையின் உயரத்தையும் எழுதிப் பெருக்குங்கள். வரும் விடையைப் பார்த்துவிட்டு, முதல் ரிங்கிட்டை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.